தலைமாட்டில் திருவாசகம்

திருவாசகத்தைப் படுக்கையில் கிடந்து படிக்கலாமா என்று எங்கள் முள்ளியவளைப் பெரியவர்களிடம் கேட்டால், கூடாது என்றுதான் சொல்வார்கள். கால் முகம் கழுவ வேண்டும், திருநீறு பூச வேண்டும், கிழக்கையோ வடக்கையோ பார்த்துச் சம்மணம் கட்டி இருக்க வேண்டும், புத்தகத்தை வெறும் நிலத்தில் வைக்கக் கூடாது. அந்த ஒழுங்கை நான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறேன். விடியற்காலையில் அப்படி இருந்துதான் படிக்கிறேன். ஆனால் இரவு என்று ஒன்று இருக்கிறதே! கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து, படலையைச் சாத்தி, நுளம்புவலையை இறக்கி, முதிரைக் கட்டிலில் முதுகைச் சாய்த்தபின், தலைமாட்டுத் தட்டுக்குக் கையை நீட்டி அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடிக்கிறேன். அந்த நிமிடத்தில் உச்சியில் இருந்து உள்ளங்கால் வரை ஓடுகிற இன்பத்தை என்னவென்று சொல்வேன்! பகலெல்லாம் நான் தேடிப் போனவர் இரவில் என்னைத் தேடிக் கட்டிலடிக்கு வந்துவிடுகிறார்.

திருவாசகம் படுத்துக் கிடக்கிறவர்களுக்காகவே பாடப்பட்டது. பேச்சு அழகுக்காக இதைச் சொல்லவில்லை. அந்த நூல் எனக்குக் காட்டியதைத்தான் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது மூலம் மட்டும் உள்ள கையடக்கப் பதிப்பு. 51 பகுதிகள், 658 பாடல்கள். உரையோடு கூடிய தடித்த நூல்களும் வீட்டில் உண்டு. அவற்றுக்கு உரியது பகல், மேசை, பென்சில். இரவுக்கு மூலம் போதும். பொருள் பிடிபடாத ஒரு சொல் எதிர்ப்பட்டால் அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு கண்ணயர்ந்து விடலாம். எத்தனையோ முறை விடியும்போது அந்தச் சொல் தானாக விளங்கியிருக்கிறது. முதலில் புத்தகத்தைத் திறக்காமல், கண்ணை மூடிச் சிவபுராணம். 95 அடியும் மனப்பாடம். அது முடியும்போது மூச்சு நேராகிவிடும், நாளின் வெக்கை இறங்கிவிடும். பிறகு விளக்கொளியில் ஒரு பதிகம், ஒன்றே ஒன்று. இரண்டாவது பதிகத்துக்கு ஆசை எழும். எழட்டும். ஆசையோடு உறங்குவதும் ஒரு வழிபாடுதான். ஆசைப்பத்து என்றே அந்த நூலில் ஒரு பகுதி இருக்கிறது.

இந்த இன்பத்துக்கு ஆறுமுக நாவலரை இரவுதோறும் கும்பிட வேண்டும். ஏட்டுச்சுவடியை மல்லாந்து கிடந்து வாசிக்க முடியாது. அதற்கு இரண்டு கையும் வேண்டும், நிமிர்ந்த முதுகு வேண்டும், கயிறு நழுவினால் ஏடுகள் மார்பெல்லாம் சிதறும். 1849 இல் நாவலர் பெருமான் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுத்தினார். அந்த இயந்திரமும் அதன் வழிவந்த இயந்திரங்களும் ஓடியபடியால்தான் மடங்களிலும் சில வீடுகளின் ஏட்டுப் பெட்டிகளிலும் இருந்த சைவ நூல்கள் வன்னியின் மண் வீடுகளுக்குள்ளும், கிடுகுக் கொட்டில்களுக்குள்ளும், பாய்க்கும் தலையணைக்கும் இடையிலும் வந்து சேர்ந்தன. சைவத்துக்கு அவர் செய்த தொண்டுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் ஒரு வரி சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் விருப்பம்.

வன்னி இரவில் திருவாசகம் படிப்பதற்கு ஒரு தனி ருசி உண்டு. பட்டணத்தில் இருப்பவர்களுக்கு அச்சப்பத்து ஒரு பக்திப் பாடல். எங்களுக்கு அது ஊர் நிலவரம். மாணிக்கவாசகராகிய வாதவூரடிகள் அந்தப் பதிகத்தில் எதற்கெல்லாம் அஞ்சமாட்டேன் என்கிறார் என்று பாருங்கள். புற்றில் கிடக்கும் பாம்பு. யானை. மேகத்துக்குள் உருளும் இடி. பிணி. நெருப்பு. குறி தவறாத அம்பு. எங்கள் வளவில் புற்று இருக்கிறது. பாம்பை அடிக்கக் கூடாது என்று புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைத்துப் பொங்கிவிட்டு வருகிற சனம் நாங்கள். வயல் விளையும் மாதங்களில் யானை வரும். காவல் கொட்டிலில் கிடப்பவர்கள் தகரத்தைத் தட்டும் சத்தமும், வெடி கொளுத்தும் சத்தமும் கட்டில் வரைக்கும் கேட்கும். ஐப்பசி, கார்த்திகையில் இடி நந்திக்கடலுக்கு மேலே தொடங்கி எங்கள் கூரைக்கு மேலே வந்து நின்று உறுமும். அந்த நேரத்தில் வலைக்குள்ளே கிடந்து அச்சப்பத்தைத் திறந்தால், ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஒருவர் பக்கத்துப் பாயில் கிடந்து அந்த இடியையே கேட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். இதற்கெல்லாம் பயமில்லை என்கிறார். பிறகு, தாம் உண்மையிலேயே நடுங்குவது எதற்கு என்று ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் சொல்கிறார். ஐயன்மேல் அன்பு வைக்கத் தெரியாத நெஞ்சைக் கண்டால்தான் அவருக்கு நடுக்கம்! அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் புத்தகத்தை மார்பில் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். என் நெஞ்சின் மேல் கைவைத்துப் பார்க்கிறேன். ஐயா, இதற்குள் அன்பு இருக்கிறதா? நீ சொல். யானை வந்தால் வரட்டும்.

பகலில் அம்மம்மாவும் ஒழுங்குக்காரிதான். இரவில் பாயில் கிடந்தபடியே சிவபுராணம் சொல்வா. சின்ன வயதில் அதைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“கிடந்து சொல்லலாமோ அம்மம்மா?”

“புத்தகம் பாக்கிறதெண்டால்தான் எழும்பி இருக்கோணும் பிள்ளை. வாயாலை சொல்லுறதுக்கு என்ன? அவர் பாயடியிலையும் நிப்பார்.”

அந்தப் பாயடி எனக்கு அன்றைக்கே கோயிலாகிவிட்டது. புத்தகத்தையும் பாய்க்குக் கொண்டு வந்தது மட்டும்தான் என் வேலை.

பாயடியில் நிற்பவரைத் திருவாசகமே எனக்குக் காட்டித் தந்தது. திருவெம்பாவையை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் திருவாதிரைக்கு முந்திய நாட்களில் எங்கள் ஊர்களில் விடியற்புறம் சங்கும் சேமக்கலமும் ஊர் சுற்றி வரும். இருட்டோடு இருட்டாகப் பெடியள் வீதி வீதியாகத் திருவெம்பாவை படித்துக்கொண்டு போவார்கள். நாய் குரைக்கும். பனி கூரையில் இருந்து சொட்டும். போர்வைக்குள் கிடக்கிற எனக்கு முதலில் சேமக்கலம், பிறகு சங்கு, பிறகு சொற்கள் வந்து சேரும். அப்போது ஒரு நாள் எனக்குத் திடுக்கென்று பிடிபட்டது: இந்தப் பாட்டுக்குள் நான் இருக்கிறேன்! வீதியில் பாடிக்கொண்டு போகிற பெண்கள் கதவடியில் நின்று கூப்பிடுவது யாரை? படுக்கையில் கிடக்கிறவளை அல்லவா? முதல் பாட்டிலேயே ஒருத்தி வீதியில் எழுந்த வாழ்த்தொலி காதில் விழுந்த மாத்திரத்தில் விம்மி விம்மி அழுது, பூம்படுக்கையில் இருந்து புரண்டு விழுந்து, தன்னை மறந்து கிடக்கிறாள். இரண்டாம் பாட்டில் இன்னொருத்தியைத் தோழிகள் கேலி செய்கிறார்கள். இரவு பகலாய் உன் அன்பெல்லாம் பரஞ்சோதிக்கு என்று சொன்னாயே, அதை எப்போதடி படுக்கைக்குக் கொடுத்தாய் என்று கேட்கிறார்கள். என்னையே கேட்கிறார்கள்! என் போர்வையைப் பிடித்து இழுக்கிறார்கள்! மார்கழியில் திருவெம்பாவையைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பவர் அதன் வாசகரோ கேட்பவரோ அல்லர். அவர்தான் அந்தப் பாட்டின் கதாநாயகி.

திருப்பள்ளியெழுச்சியில் என்ன நடக்கிறது? ஐயனே படுக்கையில் இருக்கிறார். திருப்பெருந்துறைச் சிவபெருமானைப் பள்ளியெழச் சொல்லி அடியார்கள் வாசலில் நிற்கிறார்கள், சிலர் வீணையோடு, சிலர் மலரோடு, சிலர் அழுகையோடு. ஒரே நூலில் அடியவளும் உறங்குகிறாள், ஆண்டவனும் உறங்குகிறார், இருவரையும் எழுப்பிக்கொண்டு நடுவில் பாட்டு ஓடுகிறது. உறக்கத்தை இவ்வளவு அருமையாக, இவ்வளவு உரிமையோடு தொட்ட பக்தி நூலை நான் அறியேன்.

எல்லாருக்கும் நினைவிருக்கும் பிடித்த பத்தின் அந்தத் தாயையும் சொல்ல வேண்டும். குழந்தை அழுத பிறகு வருகிற தாய் அல்லள் அவள். பசிக்கும் நேரத்தைத் தானே நினைத்து வருகிறவள். அவளையும் விஞ்சி வருகிறவர் என்று அடிகள் ஐயனைச் சொல்கிறார். ஏணையில் கிடக்கிற பிள்ளை எழுந்து நடந்தா பாலுக்குப் போகிறது? பால் குனிந்து வருகிறது. அந்தப் பதிகத்தை நிமிர்ந்து இருந்து படித்த நாட்களில் அதன் பொருள் தெரிந்திருந்தது. மல்லாந்து கிடந்து படித்த நாளில்தான் பால் கிடைத்தது.

விளக்கைப் பற்றி எழுதாமல் படுக்கை வாசிப்பைப் பற்றி எழுத முடியாது. போர்க்காலத்தில், 1990 க்குப் பிறகு, எங்கள் பக்கம் மின்சாரம் இருக்கவில்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் பொன்னின் விலை. அந்தக் காலத்தில் வன்னியும் யாழ்ப்பாணமும் கண்டுபிடித்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. வெறும் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய், சைக்கிள் ரியூப்பின் வால்வுக் கட்டைக்குள்ளால் இழுத்த ஒரு மெல்லிய திரி. சுடர் நெல்மணி அளவுதான். பிள்ளைகள் அந்தச் சுடரில் சோதனைக்குப் படித்தார்கள், தாய்மார் கிழிந்தது தைத்தார்கள், நாங்கள் அந்தச் சுடரில் திருவாசகம் படித்தோம். ஒரு நேரத்தில் இரண்டு அடிக்கு மேல் கண்ணுக்கு எட்டாது. மூன்றாவது அடிக்குப் போத்தலை நகர்த்த வேண்டும். அதனால் ஒவ்வொரு அடியும் இருட்டில் இருந்து புதிதாகப் பிறந்து வந்தது. இன்று கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் பக்கம் முழுவதும் ஒரே பார்வையில் விழுகிறது. நல்லதுதான். ஆனாலும் அந்த நெல்மணிச் சுடர் எனக்கு வாசிக்கக் கற்றுத் தந்த வேகத்தை நான் இன்னும் விடவில்லை.

அதே ஆண்டுகளில் எங்கள் ஊரில் ஒரு விளக்கு மட்டும் எண்ணெய் கேட்காமல் எரிந்தது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்காக முல்லைத்தீவுக் கடலில் எடுக்கும் தீர்த்தம் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்கு வரும். அங்கே அந்த உப்புநீரில் விளக்கேற்றுவார்கள். பிறகு வற்றாப்பளைக்குக் கொண்டு போவார்கள். ஊரே மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலத்தில் தாயின் சந்நிதியில் கடல் நீர் சுடர்விட்டு நின்றது! அதைக் கும்பிட்டுவிட்டு வந்து படுத்த இரவுகளில் ஜாம் போத்தலின் சுடரும் அந்தச் சுடரின் பிள்ளையாகவே எனக்குத் தெரிந்தது. அம்மையின் வெளிச்சத்தில் அப்பனைப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொள்வேன். மயிர்க்கூச்செறியும்.

கிடுகுக் கூரையின் கீழ் விடியலில் கண் விழிப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கிற ஒரு பேறும் உண்டு. ஓலையின் பொத்தல் வழியே சூரியன் ஒரு கதிரை உள்ளே நீட்டும். அந்தக் கதிருக்குள் தூசு மிதக்கும், சுழலும், மின்னும், மறையும். எழும்ப மனம் வராமல் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். திருவண்டப்பகுதியின் தொடக்கத்தை முதன்முதல் கூர்ந்து படித்தபோது உடம்பு உதறிவிட்டது. நூறு கோடிக்கும் மேற்பட்டு விரிந்து கிடக்கிற அண்டங்கள் எல்லாம் அவன் பெருமைக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைகிற வெயில் கதிரில் மிதக்கும் தூசு என்கிறார்! 182 அடிகள் உள்ள பேரகவல் அது. அண்டவெளியைப் பார்க்கக் கருவிகள் செய்த நாடுகள் பின்னாளில் கண்டு வாய்பிளந்த பெருவெளியை, ஓர் ஓட்டைக் கூரையின் கீழ்க் கிடந்த கண்ணுக்கு அடிகள் முன்பே காட்டி வைத்திருக்கிறார். அந்த வெளிக்கெல்லாம் மேலானவர் என் பாயடியில் நிற்கிறார் என்று அம்மம்மா சொன்னா. இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்து நினைக்கும்போது என் நெஞ்சு கொள்ளாமல் தவிக்கிறது, ஐயனே!

நோயாளியின் கட்டிலடியில் திருவாசகம் படிப்பது எங்கள் வழக்கம். கிடையில் கிடப்பவருக்கு நீத்தல் விண்ணப்பத்தை ஒருவர் மெல்லப் படிப்பார். ஐம்பது பாடல்களிலும் ஒரே மன்றாட்டுத்தான்: என்னை விட்டுவிடாதே. படிப்பவருக்குத் தொண்டை அடைக்கும். கிடப்பவரின் முகம் தெளிந்து வரும். உயிர் போன வீட்டிலும் திருவாசகம்தான். உரலில் மஞ்சளும் அறுகும் இட்டு உலக்கை பிடித்துச் சுண்ணம் இடிப்பார்கள், ஓதுவார் திருப்பொற்சுண்ணம் பாடுவார். அந்தப் பதிகத்தில் பெண்கள் பொற்பொடி இடிப்பது ஐயனின் திருமஞ்சனத்துக்கு. அந்தப் பாட்டையே எடுத்து, இறந்து கிடக்கிற எங்கள் அப்புவுக்கும் ஆச்சிக்கும் பாடி நீராட்டுகிறோம். வாழ்நாளெல்லாம் வயலிலும் வெயிலிலும் முறிந்த உடம்பு அன்றைக்கு ஒருநாள் சிவமாகக் கிடக்கிறது. எங்கள் முன்னோர் இதை ஏற்படுத்தி வைத்ததை நினைக்கும்போதெல்லாம் அவர்கள் கால் இருந்த திசையை நோக்கி விழுந்து கும்பிடத் தோன்றுகிறது.

31 ஆம் நாள் அந்தியேட்டிக்குப் போனால் சாப்பாட்டுக்குப் பிறகு கையில் ஒரு கல்வெட்டுத் தருவார்கள். இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, பிள்ளைகளின் புலம்பல், அதோடு தேவாரம், சிவபுராணம், இன்னும் சில பதிகங்கள். வன்னியில் புத்தகக் கடையையே காணாத வீட்டிலும் இந்த நினைவு மலர்கள் அலுமாரியில் அடுக்கடுக்காக இருக்கும். 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் இவற்றையும் மதித்துத் திரட்டி வைக்கிறது. அவர்களுக்குக் கோடி புண்ணியம். அம்மம்மாவின் கல்வெட்டு என் தலைமாட்டில் திருவாசகத்துக்குக் கீழே இருக்கிறது. சில இரவுகளில் சிவபுராணத்தை அதில் பார்த்துப் படிக்கிறேன். மேல் பக்கத்தில் அவவின் முகம், கீழே அவ பாயில் கிடந்து சொன்ன அதே அடிகள்.

போர் முடிந்த 2009 ஐப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. ஆனாலும் இந்தப் புத்தகத்தின் கதையில் அது இல்லாமல் முடியாது. முள்ளியவளையில் இருந்து புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, பிறகு மாத்தளன் கரை. காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் இருந்த பையிலேயே திருவாசகத்தையும் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தேன். கடற்கரை மணலில் பங்கர் நிற்காது, சரியும். கூறைச் சேலைகளைக் கூடக் கிழித்துப் பைகளாகத் தைத்து மணல் நிரப்பி அடுக்கினோம். உள்ளே இருக்கவோ நிற்கவோ இடமில்லை. படுக்கலாம், அவ்வளவுதான். வெளிச்சம் கூடாது. அந்த இருட்டில் முகத்தோடு முகம் ஒட்டக் கிடந்தபடி பக்கத்து வளவுப் பெரியப்பா சொன்னார்: “பிள்ளை, உனக்குப் பாடந்தானே. நீத்தல் விண்ணப்பம் சொல்லு.” சொன்னேன். அவர் பின்னால் சொன்னார். பக்கத்துப் பங்கரில் இருந்தும் ஒரு பெண்குரல் சேர்ந்துகொண்டது. விட்டுவிடாதே, விட்டுவிடாதே என்று நாங்கள் கிடந்து அழைத்த அழைப்புக்கு அவர் வந்தாரா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். வந்தார். மணலுக்கும் என் முதுகுக்கும் இடையில் அவர் கை இருந்தது. அந்தக் கரையில் சுண்ணம் இடிக்காமலும், பொற்சுண்ணம் பாடாமலும் மண்ணில் வைத்துவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்காக இன்றும் இரவில் அந்தப் பதிகத்தைப் படுத்திருந்தபடியே வாய்விட்டுப் பாடுகிறேன். புத்தகத்தின் தையலுக்குள் மாத்தளன் மணல் இன்னும் இருக்கிறது.

பிறகு செட்டிகுளம் முகாம். எங்கள் கூடாரம் இருந்த பிரிவுக்கு ஆனந்த குமாரசுவாமியின் பெயர். நடராசப் பெருமானின் ஆட்டத்தை 1918 இல் ‘சிவ நடனம்’ என்ற தம் ஆங்கில நூலால் உலகம் முழுவதற்கும் விளக்கிய ஈழத்து அறிஞர் அவர். அது எனக்கு அப்போதே தெரியும். வெள்ளைக் கூடாரத்துக்குள் நாலு குடும்பத்துக்கு நடுவே ஒரு சாண் இடத்தில் பாயை விரித்துக் கிடந்துகொண்டு, பெயர்ப்பலகையை நினைத்துப் பார்த்தேன். ஆடுகிறவரின் பெயரை உலகுக்குச் சொன்னவரின் பெயருக்குக் கீழே கொண்டு வந்து என்னைக் கிடத்தியிருக்கிறாய் ஐயா! உன் ஆட்டத்தில் இது எந்த அடி? பொலித்தீனைப் பிரித்துப் புத்தகத்தை எடுத்தேன். பக்கத்தில் கிடந்த சின்னப் பிள்ளை ஒன்று, “அது என்ன புத்தகம்? கதையோ?” என்று கேட்டது. ஓம் கதைதான் என்று சொல்லிக் குயிற்பத்தைப் படித்துக் காட்டினேன். குயிலைக் கூப்பிட்டு அவரை அழைத்து வரச் சொல்கிற பாட்டு. அந்தப் பிள்ளை குயிலைக் கேட்டுக்கொண்டே உறங்கிவிட்டது.

ஊருக்குத் திரும்பிய பிறகு தலைமாட்டுக்கு இன்னொரு நூலும் வந்து சேர்ந்தது, யோகர் சுவாமிகளின் நற்சிந்தனை. 1872 இல் மாவிட்டபுரத்தில் பிறந்து 1964 இல் சமாதியான அந்த மகான், துறவுக்கு முன்னர் எங்கள் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலையில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். இரணைமடுப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் காட்டு வழியையும் அந்தக் காலத்து இரவையும் நினைக்கிறேன். அவர் பாடல்களைப் படிக்கும்போது வாதவூரடிகளின் குரல் யாழ்ப்பாணத்துப் பேச்சில் மீண்டும் கேட்கிறது.

இந்த நூல் யார் யாரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தால் வியப்புத்தான். ஒக்ஸ்போர்டில் இருந்த ஜி. யூ. போப் கிறித்தவப் பாதிரியார். திருவாசகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை முடித்து 1900 ஏப்பிரல் 24 இல், தமது எண்பதாவது பிறந்த நாளன்று, முன்னுரையில் கையெழுத்திட்டார். ஒரு மனிதர் தம் முதுமைக்கு வைத்துக்கொள்ளக் கூடிய துணையை அவர் தேர்ந்து வைத்துக்கொண்டார்.

ஆனால் எனக்குப் பிடித்த திருவாசக வாசகர் போப் அல்லர், நாவலர் அல்லர், வள்ளலார்கூட அல்லர். தில்லையில் நடந்ததை நம் புராணம் சொல்கிறது. ஓர் அந்தணர் வந்தார், அடிகள் பாடிய பாடல்களை எல்லாம் சொல்லச் சொன்னார், தம் கையாலேயே ஏட்டில் எழுதினார், கையொப்பமிட்டார், மறைந்தார். மறுநாள் அந்த ஏடு அம்பலத்துப் படியில் இருந்தது. எழுதியவர் அம்பலவாணரே. ஏன் எழுதினார்? ஐந்தொழிலும் செய்கிறவருக்கு ஒரு புத்தகம் எதற்கு? இதற்கு மனோன்மணீயம் சுந்தரம்பிள்ளை ஒரு விடை சொன்னார். 1891 இல் வெளிவந்த அந்த நாடகத்தின் தமிழ்த்தெய்வ வணக்கத்தில், தமிழ்நாட்டார் இன்று மேடைகளில் பாடாமல் விட்ட பகுதியில், அது இருக்கிறது. உலகங்கள் எல்லாம் ஒடுங்கி, ஒன்றும் இல்லாமல் போகிற கடைசி ஊழியில் வரப்போகும் தனிமையைப் போக்கத்தானே அவர் திருவாசகத்தில் ஒரு பிரதி வேண்டுமென்று நினைத்தார் என்கிறார் பிள்ளை.

இதைப் படித்த இரவில் நான் உறங்கவில்லை. வலையைத் தூக்கிவிட்டு முற்றத்துக்கு வந்து, வானத்தைப் பார்த்து நின்று சத்தமாகச் சிரித்தேன், அழுதேன். அப்படியென்றால் உனக்கும் ஓர் இரவு இருக்கிறது! அந்த இரவில் சூரியன் இல்லை, சந்திரன் இல்லை, தில்லை இல்லை, வற்றாப்பளை இல்லை, கேட்க ஒரு காது இல்லை, பாட ஒரு வாய் இல்லை. எல்லாவற்றையும் உனக்குள் ஒடுக்கிவிட்டு நீ தனியே இருப்பாய், உன் தலைமாட்டில் திருவாசகம் இருக்கும். நீ கை நீட்டி எடுப்பாய். ஒரு மனிதன் உன்னைப் பார்த்து அழுத அழுகையை உன் கையெழுத்திலேயே படிப்பாய். எங்களுக்குச் சிவபுராணம் மனப்பாடம், உனக்கு 658 பாட்டும் மனப்பாடமாக இருக்குமே! இருந்தும் புத்தகம் வேண்டும் என்று வைத்துக்கொண்டாயே, படுக்கையில் புத்தகத்தோடு கிடப்பதன் இன்பம் உனக்கும் தெரியுமா, என் கண்ணே, என் ஐயனே? அப்படியானால் நீத்தல் விண்ணப்பத்தில் என்னை விட்டுவிடாதே என்ற சொல் வரும் பக்கத்தை நீ படிக்கும்போது, மாத்தளன் பங்கரில் பெரியப்பா சொன்னதும், பக்கத்துப் பங்கரில் அந்தப் பெண் சொன்னதும், நான் சொன்னதும் உன் காதில் கேட்க வேண்டும். கேட்கும். ஒடுங்கிய உயிர்கள் எல்லாம் உனக்குள்தானே கிடப்போம்! படுத்துக் கிடக்கிறவர்களுக்கு நீ பாடம் படித்துக் காட்டுவாய்.

நான் இன்றிரவு மறுபடியும் குயிற்பத்துக்கு வந்திருக்கிறேன். இரண்டாம் பாட்டில் கடல் சூழ்ந்த இலங்கை வருகிறது, வண்டோதரிக்கு நீ இரங்கி வந்து அருளியது வருகிறது. எங்கள் தீவை அடிகள் வாயால் கேட்டு உன் கையால் எழுதியிருக்கிறாய்! உன் பிரதியில் அந்தப் பக்கத்தை நீ எத்தனை முறை திறந்தாய்? நான் இந்த வாரமெல்லாம் அதிலேயே நிற்கிறேன், நாளைக்கும் அதையேதான் படிக்கப்போகிறேன்.